குழந்தை பேரில் எதைப் போடலாம், எதை உங்கள் பேரிலேயே வைக்கலாம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் சிவதாபுரத்தில் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கேட்பவர் அரசுப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 3 வயது, மகனுக்கு 8 மாதம். மாதம் 8,000 ரூபாய் குழந்தைகளுக்கென்று ஒதுக்க முடியும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மாமனார், காப்பி விற்ற கையோடு வருஷா வருஷம் ஒரு தொகையைப் பேரப்பிள்ளைகளுக்குப் போட நினைக்கிறார். தோட்டத்தில் ஒரு பகுதியைப் பேரன் பேருக்கே எழுதிவிடலாமா என்றும் யோசிக்கிறார். எந்தக் கணக்கு, எங்கே திறப்பது?

சேலத்தில் சிறு வியாபாரிகளுக்கு வருமான வரிக் கணக்கு பார்ப்பதுதான் என் தொழில். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் வட்டி விகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நான் பெயரிலிருந்து ஆரம்பிப்பேன். குழந்தை பேரில் போட்ட பணம் குழந்தையுடையது. நீங்கள் அதற்குக் காப்பாளர், அவ்வளவுதான். 18 வயது முடிந்த அன்று கையெழுத்து போடும் உரிமை பிள்ளைக்குப் போய்விடும். அந்தப் பணத்தைப் படிப்புக்குச் செலவு செய்வதா, பைக் வாங்குவதா என்று முடிவு செய்வது அவர்கள்தான். நடுவில் பட்டறைக்கு வெள்ளி வாங்கப் பணம் தட்டுப்பட்டாலும் அதில் கைவைக்கக் கூடாது. பணத்தைப் பத்திரப்படுத்துவதும் இந்தக் கட்டுதான், அவசரத்துக்கு உதவாமல் போவதும் இந்தக் கட்டால்தான். அதனால் 8,000 முழுவதையும் குழந்தைகள் பேரில் கட்டாதீர்கள். பாதியை அவர்கள் பேரில் போடுங்கள். மீதியை அவர்களுக்காகவே, ஆனால் உங்கள் பேரில் வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த 8,000 மாதா மாதம் எங்கிருந்து வருகிறது? உங்கள் சம்பளத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும். இரண்டில் ஒன்று நின்றால் எந்தக் கணக்கும் ஓடாது. ஆகவே முதலில் உங்கள் இருவர் பேரிலும் டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள். முதிர்வுப் பணம் எதுவும் வராத, உயிருக்கு மட்டுமான காப்பீடு. ஆண்டு வருமானத்தைப் போல 10 முதல் 15 மடங்கு இருக்கட்டும். "குழந்தைக்கு பாலிசி போடுங்க" என்று வீட்டுக்கு வருகிறவர் குழந்தையின் உயிருக்குக் காப்பீடு விற்பார். குழந்தையின் சம்பாத்தியத்தை நம்பி வீட்டில் யாரும் இல்லையே. காப்பீடு வேண்டியது சம்பாதிக்கிறவருக்கு.

உங்கள் கணவரின் பாலிசியை மட்டும் 1874ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு படிவம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதில் மனைவி, பிள்ளைகள் பெயரை எழுத வேண்டும், அவ்வளவே. பட்டறை என்றால் வங்கிக் கடன், வெள்ளிக்கட்டி கொடுத்தவரிடம் பாக்கி எல்லாம் இருக்கும். அவருக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுத் தொகையைக் கடன்காரர்கள் கேட்டு வர முடியாது; அது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய அறக்கட்டளைச் சொத்தாகச் சட்டம் கருதுகிறது. பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, மகளுக்கு வருவோம். செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தயங்காமல் திறங்கள். 2015 ஜனவரியில் வந்த மத்திய அரசுத் திட்டம் இது. 10 வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். வருஷத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும்; கணக்கு முதிர்வது திறந்த நாளிலிருந்து 21 வருஷத்தில். கடைசி 6 வருஷம் கட்டாமலேயே வட்டி ஏறும். வட்டிக்கும் முதிர்வுக்கும் வரி கிடையாது. வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும்; 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள், கீழே நான் போட்டுக் காட்டுவதும் அந்த விகிதத்தில்தான்.

மாதம் 3,000 என்ற கணக்கில் ஆண்டுக்கு 36,000 ரூபாயை நிதியாண்டின் தொடக்கத்திலேயே கட்டிவந்தால், 15 வருஷத்தில் உங்கள் கையிலிருந்து போவது 5,40,000. 8.2 சதவீதம் கடைசிவரை நீடித்தால் 21ஆம் வருஷ முடிவில் சுமார் 17 லட்சம் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அன்றைய 17 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 5 லட்சம்தான். இந்தக் கணக்கு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதைப் போட்டுக் காட்டுகிறேன்.

கல்லூரிச் செலவுக்கு இது கை கொடுக்கும். மகளுக்கு 18 வயது ஆனாலோ பத்தாம் வகுப்பு தேறினாலோ, முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம். 3 வயதில் திறந்த கணக்கில் 18 வயதில் மேற்சொன்ன கணக்குப்படி 10 லட்சம் வாக்கில் இருக்கும். 5 லட்சம் எடுக்க முடியும். மீதி அவளுக்கு 24 வயதாகும்போது முதிரும். நம் பக்கத்தில் பெண்ணுக்குப் போடுகிற பணத்தைக் கல்யாணத்துக்கு என்றும், பையனுக்குப் போடுவதைப் படிப்புக்கு என்றும் மனதுக்குள்ளேயே பிரித்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிப் பிரிக்காதீர்கள். பெண் குழந்தையைக் காப்பாற்றவே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த மாவட்டம் நம்முடையது. அந்த ஊரில் இன்று ஒரு அம்மா மூன்று வயது மகளுக்குக் கணக்கு திறக்க வழி கேட்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

வட்டி கணக்கிடும் விதம் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 5ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாதமே சேரும், 6ஆம் தேதி கட்டினால் அடுத்த மாதம்தான். உங்கள் மாமனாருக்கு இது முக்கியம். காப்பி பழம் பறிப்பது நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். காயவைத்து விற்றுப் பணம் கைக்கு வர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். மார்ச் 5க்குள் வந்தால் அந்த நிதியாண்டின் வரம்பிலேயே போட்டுவிடுங்கள். மார்ச் கடைசியில் வந்தால், அந்த ஆண்டுக்கான வரம்பு நிரம்பியிருந்தால் மட்டும் காத்திருந்து ஏப்ரல் 5க்குள் போடுங்கள். விலை சரிந்த வருஷத்தில் மாமனாரால் ஒன்றும் தர முடியாவிட்டாலும் 250 ரூபாயை மட்டும் மறக்கக் கூடாது. விட்டால் ஒரு வருஷத்துக்கு 50 ரூபாய் அபராதம்.

மாமனாரே காப்பாளராக இருந்து கணக்கு திறக்க முடியாது. அப்பா, அம்மா இருக்கும்போது செல்வமகள் கணக்கையும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கையும் பெற்றோர்தான் நடத்த வேண்டும். தாத்தா பாட்டி முன்பு திறந்த செல்வமகள் கணக்குகளைக்கூட 2024 அக்டோபரிலிருந்து பெற்றோர் பேருக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவர் பணத்தைக் குழந்தையின் வங்கிக் கணக்குக்குச் செக்காகக் கொடுக்கட்டும், நீங்கள் அங்கிருந்து கட்டுங்கள். தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை. செக்காக இருந்தால் பத்து வருஷம் கழித்து யார் கேட்டாலும் காட்ட ஒரு தடயம் இருக்கும்.

காப்பாளராக அம்மா கையெழுத்து போட்டால் செல்லுமா என்று இன்னும் சில கவுண்டர்களில் கேட்கிறார்கள். செல்லும். ஒரு தம்பதி தங்கள் மகன் பேரில் ரிசர்வ் வங்கியின் 9 சதவீத நிவாரணப் பத்திரம் வாங்க, அம்மாவைக் காப்பாளராக எழுதி விண்ணப்பித்தார்கள். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று அது திரும்பி வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் கீதா ஹரிஹரன் வழக்கு. அப்பா உயிரோடு இருக்கும்போதும் அம்மா இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்களே கையெழுத்து போடுங்கள். பட்டறை வேலையில் அவருக்குத் தபால் நிலையம் போக நேரமும் இருக்காது.

மகனுக்கு பிபிஎஃப். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 ஆனது, செல்வமகளைவிடக் குறைவு. 15 வருஷத் திட்டம் என்பதால் இப்போது திறந்தால் அவனுக்கு 16 வயதாகும்போது முதிரும். அப்போது மூடாமல் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கலாம். நினைவில் வைக்க வேண்டியது, உங்கள் சொந்த பிபிஎஃப்பும் நீங்கள் காப்பாளராக உள்ள மகன் கணக்கும் சேர்ந்து ஆண்டுக்கு 1.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே பிபிஎஃப் இருந்தால் மகனுக்கு அப்பாவைக் காப்பாளராகப் போடுங்கள். வட்டி குறைவாக இருந்தும் இதை நான் சொல்லக் காரணம் உண்டு. கடன்காரர் நீதிமன்ற ஆணையே வாங்கி வந்தாலும் பிபிஎஃப் இருப்பை ஜப்தி செய்ய முடியாது. தொழில் செய்கிற குடும்பத்தில் அப்படி ஒரு பானை இருப்பது நல்லது. மாதம் 1,000 போதும்.

இதோடு 4,000 ஆயிற்று. மீதி 4,000 பங்குச் சந்தைக்குப் போகட்டும். நிஃப்டி 50 (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) போன்ற ஒன்றை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில், தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில், மாதா மாதம் எஸ்ஐபி, அதாவது ஒரே தொகையைத் தவணையாகப் போடுவது. 15 வருஷம் போட்டால் உங்கள் பணம் 7,20,000. சராசரியாக 8 சதவீதம் வளர்ந்தால் 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், 12 சதவீதம் வளர்ந்தால் 20 லட்சம் வாக்கிலும் இருக்கும். எது வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2008இல் நிஃப்டி பாதிக்கு மேல் விழுந்தது. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் மாதத்துக்குள் 38 சதவீதம் போல இறங்கியது. அந்த மாதிரி மாதங்களில் எஸ்ஐபியை நிறுத்தாமல் இருக்கிறவர்களுக்குத்தான் இது. பணம் தேவைப்படுவதற்கு மூன்று வருஷம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டெபாசிட்டுக்கு மாற்றிவிடுங்கள். மகள் பிளஸ் டூ முடிக்கும் மே மாதத்தில் சந்தை எப்படி இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

இந்த ஃபண்டைக் குழந்தை பேரில் வாங்கலாமா? வாங்கலாம். குழந்தை ஒருவரே முதலீட்டாளர், பெற்றோர் காப்பாளர். கூட்டுப் பெயரும் கிடையாது, நாமினியும் கிடையாது. 2023 ஜூனிலிருந்து பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் கட்டலாம், ஆனால் விற்ற பணம் குழந்தையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 18 வயது வரை குழந்தை பேரில் வரும் வருமானம், அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஃபண்டை உங்கள் பேரில், கணவரை நாமினியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். யாருக்கு எப்போது எவ்வளவு தேவைப்படும் என்று இப்போது தெரியாது. ஒரு பிள்ளை அரசுக் கல்லூரியில் சேரும், இன்னொரு பிள்ளைக்கு ஹாஸ்டல், லேப்டாப் என்று இழுக்கும். விற்கும்போது, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையான நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம் என்பது 2024 ஜூலையில் வந்த விதி. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்து விற்றால் இரண்டு ஆண்டுகளின் சலுகையும் கிடைக்கும்.

2024 செப்டம்பரில் வந்த என்பிஎஸ் வாத்சல்யா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அடிப்படையில் பிள்ளையின் ஓய்வூதியத்துக்கான திட்டம். மற்றதெல்லாம் சீராக ஓட ஆரம்பித்த பிறகு பார்க்கலாம்.

வெள்ளி, தங்கம் வேண்டாம் என்று நான் சொல்வதைக் கேட்டு உங்கள் கணவர் முகம் சுளிக்கக்கூடும். அவர் வருமானமே வெள்ளி விலையோடு ஏறி இறங்குகிறது. மாமனாருக்குக் காப்பி, மிளகு விலை. பிள்ளைகளின் பணமும் அதே சந்தையில் இருந்தால் ஒரு கெட்ட வருஷத்தில் மூன்று தலைமுறையும் சேர்ந்து இறங்கும். அதோடு நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் முதல் நாளே போய்விடும். இதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகள் காலில் கொலுசு போட்டு அழகு பார்ப்பது வேறு விஷயம்.

தோட்டத்தைப் பேரன் பேருக்கு எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மைனர் பேரில் அசையாச் சொத்து வந்துவிட்டால், 1956ஆம் வருஷ இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் பெற்றோர்கூட அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவசர மருத்துவச் செலவுக்கு என்றாலும் மனுப் போட்டு, அது பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று நிரூபித்து, உத்தரவு வாங்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு நல்ல வழிப்பாதை கிடைக்கிறது, அதற்காக ஓரத்தில் பத்து சென்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் இதே கதைதான். மாமனாருக்கு அந்த ஆசை இருந்தால் உயிலாக எழுதட்டும். அவர் காலம் வரை நிலம் அவரிடமே இருக்கும், மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். பேத்தி பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

இனி, கவுண்டரில் போய் நின்றதும் தடுக்கும் விஷயம்: பெயர். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் தனியாக இருக்கும். ஆதாரில் முன்னாலோ பின்னாலோ ஒரு இனிஷியல் ஒட்டிக்கொள்ளும். பான் கார்டில் இனிஷியல் மட்டும் ஏற்க மாட்டார்கள், அப்பா பெயரை விரித்து எழுதச் சொல்வார்கள். மூன்று ஆவணத்திலும் மூன்று பெயர் ஆகிவிடும். கணக்கு திறக்கும்போது எப்படியோ வாங்கிக்கொள்வார்கள். 18 வயதில் மேஜர் என்று மாற்றப் போகும்போதுதான் "இது வேற பேரா இருக்கே" என்பார்கள். எட்டு மாதப் பையனுக்கு இப்போதே ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை என்றால் ஒரு வயது ஆவதற்குள் சேருங்கள், கட்டணம் இருக்காது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் முதலிய பலவற்றுக்கும் அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் கடைசிவரை தொடரும். மகளின் ஆதாருக்கு 5 வயதில் கைரேகை, கண் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் குறித்துவையுங்கள். அன்றே பெயரையும் சரிபார்த்துவிடலாம்.

வரிசையாகச் செய்வதானால் இந்த மாதம் பெயர்த் திருத்தமும் டேர்ம் பாலிசியும். அது முடிந்ததும் இரண்டு குழந்தைகளுக்கும் வங்கியில் சேமிப்புக் கணக்கு, பிறகு செல்வமகளும் பிபிஎஃப்பும். எஸ்ஐபியைச் சம்பளம் வரும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

குழந்தைகள் பேரில் உள்ள கணக்குகளுக்கு 18ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வேலை ஆரம்பிக்க வேண்டும். அவர்கள் பேரில் மியூச்சுவல் ஃபண்ட் ஏதாவது இருந்தால் அன்றோடு எஸ்ஐபி நின்றுவிடும், மேஜராக மாற்றும்வரை விற்கவும் முடியாது. அவர்கள் கையெழுத்துடன் புதிய பான் கார்டு, கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு), வங்கியில் கையெழுத்துச் சான்று எல்லாம் வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டுகிற ஜூன் மாதத்தில் இதற்கு அலைய நேரிட்டால் கஷ்டம். கணக்கு எண்கள், பாலிசி எண், எந்தத் தபால் நிலையம் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று உங்கள் கணவருக்கும் சொல்லிவையுங்கள்.